ஷூவைக் கழற்றும் இடம்

ஜூலை 9

சாவோ பாவ்லோவின் ஜூலைக் குளிரில் எலும்பெல்லாம் வலிக்கிறது. ஷிகேருவைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி உட்காரவைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விடுகிறது. பக்கவாதம் வந்தது அவருக்கு, பாடுபடுவது நான். கட்டியவள் இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஜூலை 16

ஜப்பானியர் சங்கத்திலிருந்து நகாவோ வந்திருந்தார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு செர்ரிப் பூ விழா. வருடாவருடம் விடிவதற்குள் பூங்காவுக்குப் போய், மரத்தடியில் நீலப் பாயை விரித்து எல்லோருக்கும் இடம் பிடிப்பது ஷிகேருதான்.

"டேய், நீ இல்லாம எவனுக்கும் பாயை நேரா விரிக்கத் தெரியாது. வந்து திட்டவாச்சும் செய்."

இவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் அவமானமாகிவிட்டது.

ஜூலை 17

வரமாட்டாராம்.

ஜூலை 25

இன்று கத்திவிட்டேன். "நான் மட்டும் மனுஷி இல்லையா? வருஷத்துல ஒரு நாள்! மரத்தடியில உக்காந்து சோறு திங்க எனக்கு ஆசை இருக்காதா?"

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு குழறலாக: "பாயில ஏறணும்னா ஷூவைக் கழட்டணும்."

"அதுக்கென்ன?"

"நீதானே கழட்டுவ. எல்லார் முன்னாலயும்."

இதுவா? இத்தனை மாதமாக வாசல் தாண்டாதது இதற்கா? பாயில் ஒரு தூசி விழ விடமாட்டார். ஷூவோடு ஏறியவர் யாராக இருந்தாலும் இறக்கிவிடுவார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆகஸ்ட் 2

நாங்கள் வரவில்லை என்று நகாவோவிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. விழாவுக்கு வருடாவருடம் நான் பிடித்துக்கொண்டுபோகும் சோற்று உருண்டைக்கு அரிசியும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் சக்கர நாற்காலிச் சத்தம். கம்பளிக் கோட்டை ஒற்றைக் கையால் கோணல்மாணலாக மாட்டியிருந்தார். காலில் ஒன்றுமில்லை.

"கிளம்பு, நெயூசா."

"ஷூ எங்க? குளிரு கொல்லுது!"

"எதுக்கு? அங்க போய்க் கழட்டுறதுக்கா?"

போனோம். பூ பாதி உதிர்ந்திருந்தது. நகாவோ அந்த வெறுங்காலைப் பார்த்தார். அப்படியே தூக்கிப் பாயில் உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் இவருடைய முதல் பேச்சு: "அந்த மூலை கோணலா இருக்கு."

"வந்துட்டாரு மகராசன்," என்று முணுமுணுத்துக்கொண்டே நகாவோ இழுத்துவிட்டார்.

கடையில் வாங்கிய பொரித்த பஸ்தேல் பலகாரம்தான் சாப்பாடு. ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து பாதங்களை வெந்நீரில் துடைத்து, சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டிருக்கிறேன். இன்னும் சூடு ஏறவில்லை. எனக்கு இடுப்பு ஒடிகிறது.

அடுத்த வருடம் கடைப் பலகாரம் வேண்டாமாம். உருண்டை நான்தான் பிடிக்க வேண்டுமாம்.