தண்ணீரிடம் சொன்னது

பிப்ரவரி 4, புதன்

அம்மாவின் வலது கை தோளுக்கு மேலே போக மறுக்கிறது. இன்று காலை ஒன்றும் சொல்லாமல் சீப்பை என் முன்னால் நீட்டினாள். வாரிவிட்டேன். இந்த வயதிலும் என்னைவிட அடர்த்தியான முடி.

பிசியோதெரபிஸ்ட்டுக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் திருகாணி. கையைத் திருகுவதைத் தவிர அவர் வேறெதுவும் செய்வதில்லை என்பது புகார். அந்தத் திருகாணி இன்று ஒரு யோசனை சொன்னார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் உப்புத் தண்ணீர் வெந்நீர்க் குளம் இருக்கிறது. புதன், சனி காலைகளில் வெளியாட்களையும் விடுகிறார்கள். தோள் வரை மூழ்கி உட்கார்ந்து கையை அசைத்தால் சீக்கிரம் இளகுமாம்.

"ஓட்டலுக்குப் போயா குளிப்பாங்க? நம்ம வீட்டு பாத்ரூமுக்கு என்ன கேடு?" என்றாள் அம்மா.

நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் ஏதோ பதில் சொன்னேன். "என்ன?" என்றாள். திரும்பச் சொன்னேன். "என்ன? மூஞ்சப் பாத்துப் பேசேன்." மூன்றாவது முறை கத்தினேன். சாதாரண நாள்.

சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. வரைபடக் காப்பக வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. வேறு நாடு, இரண்டு வருடம். பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 7, சனி

போனோம்.

உப்புத் தண்ணீர் என்றதும், ஆட்கள் மல்லாந்து மிதந்தபடி செய்தித்தாள் படிப்பார்களே, அந்தக் கடல்தான் என் மனதில் இருந்தது. யாரும் பார்க்காத மூலைக்குப் போய் நானும் மல்லாந்தேன். முங்கினேன். மூக்கு நிறையத் தண்ணீருடன் எழுந்தால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"படிச்ச பொண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். (இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.) கண்ணீரைவிட உப்புக் குறைவு. உப்பு மிதப்பதற்கு இல்லையாம். ஒரு கருவி அந்த உப்பிலிருந்தே குளோரின் எடுத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிறது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் கற்பனைக் கடல் அத்தோடு வற்றியது.

ஆனால் குளம் பிடித்திருக்கிறது. ஒரு பெரிய அறை அளவுதான். உள்ளே சுற்றிலும் கல் மேடை, அதில் உட்கார்ந்தால் தண்ணீர் கழுத்துக்கு வருகிறது. ஆவிக்கு மேலே தலைகள் மட்டும். செருப்பு, பை, கைக்கடிகாரம், தொப்பை எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோது யார் யாரென்று ஊகிக்கவே முடியவில்லை. முயன்று பார்த்தேன். மெலிந்த தலை ஒன்றை வங்கி மேலாளர் என்று முடிவு செய்தேன். உடை மாற்றிக்கொண்டு வந்தபோது அவர் கையில் மீன் கூடை.

காது மெஷின்களை நனைக்க முடியாது. அம்மா இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்து லாக்கரில் பூட்டிவிடுகிறாள். அவை இல்லாமல் அவளுக்குத் தன் குரலின் அளவும் தெரியாது. என் காதருகே குனிந்து, "அந்த மூலையில பாரு, நீர்யானை மாதிரி ஒருத்தர்" என்று கிசுகிசுத்தாள். குளம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெரியவர் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு மிகக் கௌரவமாக மூக்கு வழியே ஒரு முறை தண்ணீரை ஊதினார். அவர் மனைவி சிரித்துச் சிரித்துப் படியைப் பிடித்துக்கொண்டார்.

குளத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் கழுத்தில் விசில் மாட்டியிருக்கிறாள். கண்டிப்பானவள். காது கேட்காதவர்கள் துணையில்லாமல் இறங்கக் கூடாது என்பது விதி. விசில் அடித்தால் எல்லோரும் வெளியே வர வேண்டும், அது கேட்காதவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். நியாயம்தான். அம்மாவும் படியிறங்கும்போது என் கையை நசுக்குகிற மாதிரி பிடித்துக்கொள்கிறாள்.

அதாவது, நான் இல்லாவிட்டால் குளம் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

சொல்லிவிட்டேன். சொன்னதாகக் கணக்கில் வராது.

இருவரும் கல் மேடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கையில் புத்தகம் இல்லாமல் நான் சும்மா இருப்பதே அபூர்வம். கை எங்கே போவதென்று தெரியாமல் தண்ணீருக்குள் அலைந்தது. அம்மா வலது கையைச் சிறு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், தயிர் கடைவது போல. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் காதில் ஒன்றுமில்லை என்பது திடீரென்று ஒரு வசதியாகத் தோன்றியது.

"அம்மா, எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். எனக்குப் போகணும்னு இருக்கு."

குரலே எழுப்பவில்லை, வெறும் காற்று. பக்கத்துத் தலைக்குக்கூடக் கேட்டிருக்காது.

அம்மா கையைச் சுற்றுவதை நிறுத்தினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னிக்குச் சூடு கம்மியோ?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். எவ்வளவு லேசாக இருந்தது! ஒரு வாக்கியம் வாயை விட்டு வெளியே வந்தும் யாரையும் தொடவில்லை. இப்படி ஒரு இடம் இருப்பது ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பிப்ரவரி 12, வியாழன்

சீப்பைப் பிடித்த கை இன்று காது வரை போனது. அம்மா அதை எனக்குச் செய்துகாட்டினாள், பரிசு வாங்கிய குழந்தை மாதிரி.

பிப்ரவரி 14, சனி

இன்று நிறையப் பேசினேன். பழகிவிட்டதால் நிறுத்த முடியவில்லை.

அங்கே பனி பெய்யும் என்று சொன்னேன். மேஜை அளவு வரைபடங்களை இரண்டு பேர் சேர்ந்துதான் திருப்ப வேண்டும் என்று சொன்னேன். நீ பாத்ரூமில் விழுந்தால் யார் வருவார்கள் என்ற பயம் வருகிறது என்று சொன்னேன். அம்மா கையைச் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொழுது போக வேண்டுமே, பாவம், என்று நினைத்தேன்.

பிறகு அதுவும் வந்துவிட்டது.

"ஒவ்வொண்ணையும் மூணு தரம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சும்மா. அங்க போனா ஒரு தரம் சொன்னாப் போதும்."

இதை இதற்கு முன் எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இவ்வளவு சின்ன மனசா எனக்கு? இருக்கலாம். இருந்தாலும் உண்மை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெந்நீர்ச் சுகம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

விசித்திரம். இரண்டு மூன்று நாட்களாக அம்மா ஒரு முறைகூட "என்ன?" என்று கேட்கவில்லை.

முதலில் மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். இன்று கூடத்திலிருந்து, "அலமாரிச் சாவி எங்கம்மா?" என்று கேட்டேன். சமையலறையிலிருந்து பதில் வந்தது: "சரிம்மா." எழுந்து போய்ப் பார்த்தேன். சிரித்தபடி தலையாட்டினாள்.

கேட்காததற்கும் தலையாட்டுகிறாள். ஏன்? பேட்டரி மாற்றினேன். மாற்றம் ஒன்றும் இல்லை. சாவி என் பையிலேயே இருந்தது, அது வேறு கதை.

பிப்ரவரி 18, புதன்

குளத்தில் சூடேற்றும் கருவி பழுது. உள்ளே விடவில்லை. திரும்பி வரும் வழியில் பேருந்தில் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் படித்துக்கொண்டு வந்தேன். ஒரே பக்கத்தைத்தான்.

பிப்ரவரி 21, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எனக்குத் துண்டு எடுக்க மறந்துவிட்டது. லாக்கருக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பினேன். குளத்தில் அம்மா இந்தக் கோடியில், நீர்யானையும் மனைவியும் அந்தக் கோடியில். நடுவே ஆவி. வேறு யாரும் இல்லை. அந்தம்மா கணவர் பக்கம் லேசாகச் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். வாசலில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

அம்மா இந்தக் கோடியிலிருந்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "காதுதான் கேக்காது. பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல."

அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது. நீர்யானைதான் முதலில் சிரித்தார். என்னைப் பார்த்து, "எம்பொண்டாட்டி என் காதுல, 'அந்தம்மா பாவம், காது கேக்காதாம்'னு சொன்னா. எனக்கே பாதிதான் கேட்டுச்சு. உங்கம்மா அங்கேருந்து பதில் சொல்றாங்க" என்றார். அம்மாவும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நான் துண்டோடு நின்றேன்.

காதால் இல்லை. வாயைப் பார்த்து. அப்படியென்றால் போன சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன். அலுத்துப்போச்சு என்றது. ஒரு தரம் சொன்னாப் போதும் என்றது. ஐயோ. எல்லாம். அதனால்தான் "என்ன?" நின்றுபோனது. பேட்டரி மாற்றினேனே நான், பைத்தியம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரத் துணியைக் கொடியில் போடப் போனாள். நான் புத்தகத்தைத் திறந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் அம்மா சாப்பாட்டு மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். அப்பா அவளைக் கூப்பிடுகிற விதம் அது. தட்டினால் மேஜை அதிரும், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

போய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"மில்லுல கத்துக்காம? நூல் சுத்துற கதிர் அத்தனையும் ஓடுறப்ப யாருக்குடி காது கேட்டுச்சு? எல்லாரும் வாயைப் பாத்துதான் பேசுவோம். அந்த ஹால்ல கல்யாணமே பேசி முடிச்சிருக்கோம்."

நூற்பாலை இரைச்சல்தான் அவள் காதைத் தின்றது என்பது எனக்கு எப்போதும் தெரியும். அந்த இரைச்சலுக்குள் அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் பேர் தெரியாத விஷயங்களையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறவள் நான்.

"அப்புறம் ஏன் வீட்டுல மட்டும் 'என்ன என்ன'ன்னு கேக்குற?"

"வீட்டுல நீ எப்ப என் மூஞ்சப் பாத்துப் பேசின? புஸ்தகத்துகிட்டதான பேசுற. தண்ணில புஸ்தகம் இல்ல, அதான் நேரா பாத்த."

அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலுத்துப்போச்சு என்று சொன்னது வந்து, அது வந்து, என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினாள்.

"அலுத்துப்போச்சுங்கிறது எனக்குத் தெரிஞ்சதுதான். எனக்கே அலுத்துப்போச்சு. வேலை கிடைச்சதுதான் தெரியாது."

"தெரிஞ்சதும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ எங்க எங்கிட்ட சொன்ன? தண்ணிகிட்டல்ல சொன்ன. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

பிறகு இரண்டு மெஷின்களையும் காதில் பொருத்திக்கொண்டாள். வலது கையால். கை தானாகக் காதுக்கு மேலே போனதை இருவருமே பார்த்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு."

சொன்னேன். வேலை, நாடு, இரண்டு வருடம்.

"என்ன?"

திரும்பச் சொன்னேன், இன்னும் நிறுத்தி.

"என்ன?"

மூன்றாவது முறை சொல்லும்போது பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவள் உதட்டோரம் துடிக்கிறது. விளையாடியிருக்கிறாள், ராட்சசி. எனக்குச் சிரிப்பும் வந்து மூக்கும் ஒழுகி, அசிங்கமாக இருந்தது.

பனிக்கு என்ன போட்டுக்கொள்வாய் என்று கேட்டாள். பனியைப் பற்றி நான் தண்ணீரில்தான் சொல்லியிருந்தேன்.

பிப்ரவரி 25, புதன்

இதை அம்மா என்னிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை.

மெஷின்களைக் கழற்றி வைத்துவிட்டு நேராக விசில் பெண்ணிடம் போனாள். "இனிமே நான் தனியா வருவேன். என்னைக் கூப்பிட விசில் வேண்டாம். வேணும்னா சோதிச்சுப் பாரு" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கொன்றும் தெரியாது என்று கையை விரித்தேன்.

அம்மா படியருகே போனாள். என் கை தானாக நீண்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்தது. குளத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

விசில் பெண் இந்தக் கோடியில் நின்று, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். அம்மா எழுந்து வெளியே வந்தாள். மறுபடி போகச் சொல்லி, இந்த முறை வேறெதையோ நீளமாகச் சொன்னாள்.

"மகளைக் கூட்டிட்டு வராதீங்க, துண்டை மறக்கிறான்னு சொல்றா" என்று அம்மா அங்கிருந்து அறிவித்தாள்.

நீர்யானை கை தட்டினார். விசில் பெண் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றாள். ஆனாலும் கண்டிப்பானவள்தான். கண்ணை மூடிக்கொண்டு உட்காரக் கூடாது, தன்னைப் பார்த்த மாதிரிதான் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அம்மா ஒப்புக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமா? தெரியவில்லை. நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று கொஞ்ச நேரம் தெரியாமல் நின்றேன்.

பிப்ரவரி 28, சனி

பதில் அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று.

ஏப்ரல் 25, சனி

ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டுகிறது. என் அறைக்கு மேஜை வந்துவிட்டது. காப்பகத்தில் நேற்று, இப்போது இல்லாத ஒரு தீவை வரைந்திருந்த படத்தை ஒரு சக ஊழியரோடு சேர்ந்து திருப்பினேன். அவர் கேட்டதற்கு நான் "என்ன?" என்றேன், மூன்று தரம். அவர்கள் மொழியை வேகமாகப் பேசினால் எனக்குப் பிடிபடுவதில்லை. இப்போதெல்லாம் நானும் வாயைப் பார்க்கிறேன்.

அம்மா வீடியோவில் அழைத்தாள். போனில் பேசும்போது அவள் மெஷின் கிறீச்சிடுகிறது என்பதால் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பேசுவோம். அவள் என் வாயைப் படித்துவிடுகிறாள். நான் அவளுடையதைத் தட்டுத் தடுமாறி. சாப்பிட்டியா, குளிருக்குப் போட்டுக்கிறியா, இந்த மாதிரி எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவை. நீளமாக ஒன்று சொன்னாள், எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன். மறுபடி சொன்னாள், பொறுமையாக, உதட்டைப் பெரிதாக்கி. மூன்றாவது தடவை பிடித்துவிட்டேன்: மேஜை மேல் இருக்கிற புத்தகத்தை மூடு, நேராகப் பார்.

மூடினேன். பார்த்தேன்.

முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள், உச்சந்தலையில், தன் கையாலேயே. இன்னும் ஈரமாக இருந்தது. காதோரம் ஒரு சொட்டு.