பெயர் போடாத ஜெபச் சீட்டு

அஸ்தினாபுரம்,
12-2-1968

கர்த்தருக்குள் அருமையான மகன் தனசிங்குக்கு அம்மா அநேக முத்தங்களோடு எழுதுவது. அவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை யூனிசும் சுகமாயிருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று ஓயாமல் வேண்டிக்கொள்கிறோம்.

மெடிக்கல் படிப்பை விட்டுவிடுகிறேன், அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்று நீ அனுப்பிய விண்ணப்பம் போன மாதமே வந்துவிட்டது. நான்தான் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கூட வைத்த கடிதத்தில், பிணத்தை அறுப்பதைக்கூடப் பழகிக்கொண்டேன், ஆனால் இந்தப் படிப்பிலேயே எனக்கு மனசில்லை அம்மா என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து ஒரு பாட்டம் அழுதேன். அப்பா விண்ணப்பத்தைப் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சட்டை மாறினால் விண்ணப்பமும் கூடவே மாறும், அவ்வளவுதான். பால்காரி பச்சையம்மாவோ தினமும் டாக்டர் தம்பி எப்ப வருது, இந்த முட்டி இன்னா பேஜார் பண்ணுது தெரியுமா என்று கேட்டுக்கொண்டேதான் பால் அளக்கிறாள். உடனே அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படிப்பை விட நினைக்கும் ஒரு வாலிபனுக்காகவும் அவன் பெற்றோருக்காகவும் ஜெபிக்கவும் என்று ஒரு சீட்டு எழுதி சர்ச் ஜெபப் பெட்டியில் போட்டேன். பெயர் போடவில்லை, மானம் போய்விடுமே. லாசரஸ் போதகர் முந்தின ஞாயிறு அதை உரக்க வாசித்தார் பார், வந்தது வினை! காலேஜில் பிள்ளையைப் போட்டிருக்கும் தாய்மார் எல்லாருக்கும் அது தன் பிள்ளைதான் என்று தோன்றிவிட்டது. ஒரு அம்மாள் உடனே புறப்பட்டு வா என்று திருச்சிக்குத் தந்தி அடித்துவிட்டாள், அந்தப் பையன் வீட்டில் யாருக்கு என்னவோ என்று அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தான். பின் வீட்டு ரத்தினபாய் அக்கா தன் மகன் ஜெபசீலனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள், பாவம், வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை. இதில் கூத்து என்னவென்றால், அக்கா என்னிடமே வந்து, உனக்கென்ன ஹில்டா, உன் பிள்ளை தங்கம், என் பிள்ளைக்காக ரெண்டு நாள் உபவாசம் இரேன் என்று மூக்கைச் சிந்தினாள். நானும் ஆகட்டும் அக்கா என்று சொல்லித் தொலைத்து, செவ்வாயும் புதனும் பட்டினி கிடந்தேன். ஜெபசீலன் வாரம் முழுக்க வெளியே தலைகாட்டவில்லை, அதுதான் என்னை அரித்தது.

நேற்று ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும், ஆனது ஆகட்டும் என்று எழுந்துவிட்டேன். அந்தச் சீட்டு நான் போட்டது, பையன் எங்கள் தனசிங், ஜெபசீலனை விட்டுவிடுங்கள் என்றேன். ரத்தினபாய் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யப்பா! அதற்குள் ஆண்கள் பக்கம் யாரோ எழுந்தார்கள். பார்த்தால் உன் அப்பா, கல்யாணத்தன்றுகூட நாலு பேர் கேட்கப் பேசாத மனுஷன். என் மகன் தோற்றுப்போகவில்லை, டாக்டர் ஆசை என்னுடையது, எனக்குப் பயந்து இத்தனை மாசம் தாங்கியிருக்கிறான், ஜெபம் எனக்குப் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், கண்ணு.

ஆகையால் மூட்டையைக் கட்டு. சர்ட்டிபிகேட்டுகளைக் கேட்டு வாங்கு, ஹாஸ்டலில் பக்கெட்டை விட்டுவிட்டு வராதே. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று ரெண்டு நாள் கேட்கமாட்டேன், மூன்றாம் நாள் கண்டிப்பாகக் கேட்பேன், சொல்லிவிட்டேன். பச்சையம்மாவிடமும் சொல்லியாயிற்று, முட்டி கெடக்குது, புள்ள நல்லா வூடு வந்து சேரட்டும் என்றாள். வந்ததும் முதல் வேலையாக ஜெபசீலனைப் போய்ப் பார். கர்த்தர் வழியெல்லாம் உன் கூடவே இருந்து கூட்டிவருவார்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. காரணம் என்ற இடத்தில் நீ உடல்நலக் குறைவு என்று எழுதியிருந்தாய். அப்பா அதை அடித்துவிட்டு, மகனுக்கு விருப்பமில்லை, எனக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பி கேட் வரை போனவர் திரும்பி வந்து பேனாவைக் கேட்டு வாங்கி, சம்மதம் என்பதற்கு முன்னால் பூரண என்று செருகிவிட்டுப் போனார்.

உன் அன்புள்ள அம்மா,
ஹில்டா எட்மண்ட்