நாய்க்குப் பேர் வச்சாச்சு

என்னங்க,

எனக்குக் கோபம் இன்னும் தீரல, அதான் பேசாம சீட்டு எழுதி வைக்கறேன். தையல்கடைக்குக் கிளம்பிட்டேன், ஆறு மணிக்கு வந்துடுவேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்கோங்க.

நாய்க்குப் பேர் வச்சாச்சு. முதல் முயலைப் பிடிக்கற வரைக்கும் வேட்டைநாய்க்குப் பேர் வைக்கறது உங்க வீட்டு வழக்கம் இல்லதான். ஆனா காலையில ஊசி போடப் போன இடத்துல டாக்டர் பேர் கேட்டார். நாலு பேர் முன்னாடி 'பொட்டை நாய்'னு மட்டும் எப்படிச் சொல்றது? வாயில வந்ததைச் சொன்னேன், அட்டையில எழுதிட்டார். சிட்டு.

ஆமா, கல்யாணமான புதுசுல நீங்க என்னைக் கூப்பிட்ட பேர்தான். சும்மாதானே கிடக்கு! நீங்க வேலைக்குப் போனதும் மூணு மாசமா அவளை அப்படித்தான் கூப்பிடறேன். எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவா.

அதனால ஞாயித்துக்கிழமை அவளை வாங்கின இடத்துலயே கொண்டுபோய் விடற பேச்சு இனி வேணாம். முயல் பிடிக்காட்டி என்ன, நாம என்ன முயலை நம்பியா உலை வைக்கறோம்?

பி.கு: பின்கதவைச் சாத்தி வைங்க, பூனை வருது.

இன்னொண்ணு. ராத்திரி அவளுக்குச் சோறு வைக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சமையல்கட்டுல இருந்து நானும் திரும்பிப் பார்த்தா, கண்டுக்காதீங்க.