தம்பி வீட்டு மிசின் சத்தம்

தை 9, வியாழன்
பனி. மிளகாய் காயவில்லை. இரவும் மகன் குணம் படுக்கவில்லை. மார்கழியில் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மரத்தில் ஏறி மிதிக்கும்போது விழுந்து தலை அடிபட்ட பிறகு அவனுக்கு இரவுமில்லை, பகலுமில்லை. விறாந்தையில் நடை. விடியத்தான் கண் மூடுவான். மூடினதும் வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி தண்ணீர் மிசினை முடுக்குவான். இவன் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடுவான்.

மருமகள் மலர்: "மாமி, உங்கடை தம்பியாரிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"பாக்கியத்தின்ரை வாசல் மிதிக்கமாட்டன்."

பாக்கியம், தம்பி பெண்சாதி. அம்மாவின் செத்த வீட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து என்னை மட்டும் தாண்டிப் போனவள். அன்றைக்கு அவள் உடுத்திருந்தது பச்சைக்கரைச் சேலை, இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே இரண்டு வீட்டாரும் நுழைந்து போகிற வேலிப் பொட்டை முள்ளு வைத்து அடைத்தேன்.

தை 10, வெள்ளி
நாட்டு மருந்துப் பரியாரியார் தந்த எண்ணெய் தலையில் வைத்தோம். மணம் மட்டும்தான். ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னதை மலர் திரும்பவும் சொன்னாள். "மூளை குலுங்கினதாலை நித்திரை குழம்பிப்போச்சாம் மாமி. எப்ப வருதோ அப்ப படுக்க விடட்டாம்."

இன்று குணம் கிணற்றடியில் நின்றபடியே கண் சொருகிச் சாய்ந்தான். மலர் பிடித்திராவிட்டால் கிணற்றுக்குள்.

மார்கழியில் தம்பி மிசின் தரவா என்று ஆள் அனுப்பினவன். "அவள் வீட்டு மிசினாலை என்ரை புகையிலை நனையத் தேவையில்லை." சொன்னது நான். குணத்தைத் துலாவில் ஏற்றினதும் நான். பனியில் மரம் வழுக்கினது.

அரிசி, உப்பு, தேங்காயெண்ணெய் முடிந்தது.

தை 12, ஞாயிறு
பொட்டு முள்ளை இழுத்தேன். கையில் ஏறிவிட்டது.

பாக்கியம் குசினி வாசலில். "வாங்கோ மச்சாள். வழி ஞாபகம் இருக்குதே?"

ஞாபகமாம். எனக்கு. அந்தப் பச்சைக்கரைச் சேலைக் கதை நுனி நாக்குவரை வந்தது. விழுங்கினேன். தேத்தண்ணி தந்தாள். சீனி கூட. குடித்துவிட்டுக் குணத்தின் நித்திரைக் கதையைச் சொன்னேன்.

தம்பி குனிந்தபடி கேட்டான். "இவ்வளவு நாளும் ஏன் அக்கா சொல்லேல்லை? நாளைக்கு மிசின் சத்தம் கேளாது."

"விடியலிலைதானே கிணத்திலை நல்ல தண்ணி. பிறகு உவராய்ப் போகுமே, பயிருக்கு என்ன செய்வாய்?"

"அது என்ரை பாடு."

தை 13, திங்கள்
விடிந்தது. மிசின் இல்லை. குணம் வாயைத் திறந்தபடி நித்திரை. கூவாதபடி சேவலை ஓலைக் கடகத்தால் மூடினோம். மலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு கிறீச், கிறீச். தெரிந்த சத்தம். பொட்டால் எட்டிப் பார்த்தேன். தம்பி. அறுபது வயது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய துலாவில் முன்னும் பின்னும். கீழே பாக்கியம் தண்ணீர் அள்ளி வரும் ஓலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுகிறாள். பனி. மரமெல்லாம் ஈரம்.

"இறங்கடா" தொண்டைவரை வந்தது. இறங்கினால் மிசின் ஓடும். ஓடினால் குணம் எழும்புவான்.

முள்ளுக் குத்தின கையால் வாயைப் பொத்தினேன்.

பாக்கியம் என்னைக் கண்டாள். குனிந்து அடுத்த பட்டையைப் பிடித்தாள். உள்ளே குணத்தின் குறட்டை.