மதுரையிலிருந்து டெல்லிக்கு மூன்று மணி நேரம்

மதினி,

காலையில் மகனிடமிருந்து செல்லுக்கு விமான டிக்கெட் வந்தது. மதுரையிலிருந்து டெல்லிக்கு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்று போட்டிருக்கிறது. மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டதாம், புதன்கிழமை புறப்பட்டு வரச் சொல்கிறான். வாரேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நேரத்தைப் பார்த்ததிலிருந்து டிக்கெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்றைக்கும் இதே பயணம்தான். டெல்லியில் அவன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அவனுடைய கூட்டாளி போன் செய்தபோது, நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் அப்பாவும் இல்லாத வீடு. அண்ணனுக்குக் காலில் சர்க்கரைப் புண், நடக்க முடியாது. ரயிலில் போனால் இரண்டு நாளாகும். திருவிழாவில் ராட்டினம் ஏறக்கூடப் பயந்த நீங்கள், மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு என்னோடு மதுரைக்குக் காரில் ஏறினீர்கள்.

விமானத்தில் செல்லை அணைக்கச் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கே அவனுக்கு என்ன நடந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு எனக்குத் தெரியாது. மேகத்துக்குள் விமானம் குலுங்கியது. நீங்கள் கண்ணை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எனக்கும் ஈரக்கொல நடுங்குது ஏட்டி. ஆனா போன் வார வரைக்கும் அவன் உசுரோடதான் இருக்கான். அப்படியே நெனச்சுக்கோ" என்றீர்கள்.

பாதி வழியில், இன்னும் எவ்வளவு தூரம் என்று பணிப்பெண்ணிடம் தமிழிலேயே கேட்டீர்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

இறங்கியதும் செல்லைப் போட எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் வாங்கி, அவன் கூட்டாளியிடம் பேசினீர்கள். "கண்ணு முழிச்சிட்டானாம்" என்று சொல்லிவிட்டு, பெட்டி உருட்டிப் போகிறவர்களுக்கு நடுவில், தரையிலேயே உட்கார்ந்து அழுதீர்கள். அதுவரை நீங்கள் அழவில்லை.

போன தை மாதம் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டதாக அண்ணன் போனில் சொன்னபோது, நான் டெல்லியில் மகன் வீட்டில் இருந்தேன். கிடைத்த விமானத்தில் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மதுரையில் இறங்கிய பிறகும் செல்லைப் போடவில்லை. நம் ஊர் கோவில்பட்டி வரைக்கும் அணைத்தே வைத்திருந்தேன். நம் தெருவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு 'போன் வார வரைக்கும்' என்று நீங்கள் சொன்ன பிறகு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் முணுமுணுத்ததை, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற வேண்டுதலாகத்தான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை மதினி. இந்த விமானம் இறங்கவே கூடாது என்றுதான் வேண்டினேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது? உங்களைப் பார்க்க வந்தபோதும் அதையேதான் வேண்டினேன்.