சொந்த உபயோகத்துக்குத் தேவை

ஜனவரி 20, செவ்வாய்

பின்பக்க மோட்டார் மறுபடி தண்ணீர் இழுக்கவில்லை. பின்வீட்டில் குடியிருக்கும் பெண் காலை ஐந்து மணிக்கே என் சன்னலருகே வந்து நின்று, "அண்ணா, மோட்டாரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்றாள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தேன். அறுபத்து மூன்று வயதில் வாடகைக்கு இருப்பவளுக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. மகன் வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ போய், இறந்துபோன அவன் அம்மாவைப் பற்றியதாக வந்து நின்றது. "அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ டெப்போவுல உக்காந்து எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டிருந்த ஆளு நீங்க. இந்த வீட்டுக்குள்ள இனிமே என் கால் படாது" என்று கத்திவிட்டுப் போனான். நான் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பின்வீட்டுப் பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தச் சொம்பை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே தண்ணீரை நீட்டுவதுபோல் இருக்கிறது.

அவள் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஜனவரி 23, வெள்ளி

வக்கீலைப் பார்த்தேன். வாடகை பாக்கியா? இல்லை. உள்வாடகை? இல்லை. சுவரைக் கிவரை இடித்தாளா? ஆணிகூட என்னைக் கேட்டுத்தான் அடித்தாள். பின்னே என்ன? "ஒத்துவரலை" என்றேன்.

"ஒத்துவரலைன்னா விவாகரத்து குடுப்பாங்க சார், வீட்டைக் காலி பண்ணித் தரமாட்டாங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "உங்க சொந்த உபயோகத்துக்கு வேணும்னா ஒரு வழி இருக்கு. உங்களுக்கு, இல்லை உங்க பிள்ளைக்கு. பையன் திரும்பி வர்றாரா?" என்று கேட்டார்.

வருகிறான் என்றேன். நாக்கு ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

மூன்று மாத நோட்டீஸ். அதுவரை தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தை வெட்டுவது, பூட்டை மாற்றுவது எதுவும் கூடாது, செய்தால் நான்தான் உள்ளே போவேனாம். அவள் தானாகப் போனாலும் இந்த நோட்டீஸை நம்பித்தான் போகிறாள் என்பதால், அவள் காலி செய்த மூன்று மாதத்துக்குள் மகன் குடிவராவிட்டால் வீட்டைத் திருப்பிக் கேட்டு அவள் மனுப் போடலாம். "வந்துடுவார்ல?" என்றார்.

வந்துவிடுவானாம். நானும் தலையாட்டினேன்.

ஜனவரி 31, சனி

பதிவுத் தபால் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில்: கதவு பூட்டியிருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இரண்டாவது முறையும் அதே. பூட்டாமல் என்ன செய்யும்? இந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் பகலில் பூட்டித்தான் கிடக்கின்றன, எல்லோருக்கும் வேலை நகரத்தில். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள், ஐந்து நாற்பது வண்டிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளிக்கூடம் போய்விடும். தபால்காரர் வருவதோ பதினோரு மணிக்கு. "சார், இருபது அடி நடந்தா அவங்க வாசல். நீங்களே குடுத்துடக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

சாட்சி வைத்துக் கையில் கொடுத்தாலும் செல்லுமாம். வீட்டில் கொடுத்தால் ஏதாவது கேட்பாள். அன்பாகக் கேட்டுவிட்டால்? ஸ்டேஷனில் கொடுக்கிறேன். கூட்டத்தில் யாரும் அன்பாகப் பேச மாட்டார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

டீக்கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். தினமும் சேர்ந்து போகிற பெண்கள் ஏழெட்டுப் பேரோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்து ஓடிவந்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு ஏதாவதா?" இல்லை என்று கவரை நீட்டினேன். விளக்குக் கம்பத்தின் கீழே போய்ப் படித்தாள். அவள் கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

படித்து முடித்து நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"உங்க பையன் வர்றாரா? நெஜமாவா? ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

நான் ம் என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். கைப்பையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வண்டியில் ஏறிய பிறகும் சன்னல் வழியாக, "எனக்கு ரொம்ப சந்தோஷம் அண்ணா" என்று கத்தினாள்.

"காலி பண்ணச் சொன்னா சந்தோஷப்படற ஆளை இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார் டீக்கடைக்காரர். அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவளாகவே வந்தாள். வண்டியில் கூட வருகிறவர்கள் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்களாம். ஏப்ரலில் மகளுக்குப் பெரிய பரீட்சை, அது முடிந்து வீடு தேட மே மாதக் கெடுவுக்கு மேலும் அவகாசம் கேட்டால் நிச்சயம் கிடைக்குமாம்.

"கேளுங்களேன்" என்றேன். கேட்கட்டும், இழுக்கட்டும், ஏதாவது ஆகட்டும் என்று இருந்தது.

"வேணாம் அண்ணா. அதுக்குள்ள அவருக்கு மனசு மாறிடுச்சுன்னா? நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு வீடு பார்த்துட்டேன். அடுத்த மாசம் பாதியிலயே போயிடறோம்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மார்ச் 8, ஞாயிறு

பின் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? தாயும் மகளும் தலையில் துணி கட்டிக்கொண்டு காலையிலிருந்து அதே வேலை. சன்னல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. புதுத் திரைச்சீலை வாங்கப் போகிறாளாம். "அவருக்கு என்ன கலர் பிடிக்கும் அண்ணா?"

தெரியவில்லை. என் பிள்ளைக்குப் பிடித்த நிறம் எனக்குத் தெரியவில்லை. நீலம் என்று சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

போய்விட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்தாள். சொம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். "வெச்சுக்கோங்க அண்ணா, இனிமே ரெண்டு பேருக்குப் பாத்திரம் வேணும்ல" என்றாள். யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்டேஷன் பெஞ்சில் அவளுடைய பெண்பிள்ளை. பரீட்சை எழுத முதல் வண்டியில் வந்து, பள்ளிக்கூடம் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து படிக்கிறது. இங்கே இருந்திருந்தால் ஏழு மணிவரை தூங்கியிருக்கும். என்னைப் பார்த்து, "மாமா, அண்ணன் வந்துட்டாரா?" என்றது.

அடுத்த வாரம் என்றேன். பதினைந்து வயதுக் குழந்தையிடமும் பொய்.

மே 3, ஞாயிறு

மகனுக்கு போன் செய்தேன். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடத்தான் நினைத்தேன், நடந்ததைச் சொல்லும்படி ஆகிவிட்டது. பிறகு, "எம்பேரைச் சொல்லியா ஒரு பொம்பளையை வீட்டை விட்டு அனுப்புனீங்க?" என்றான். வைத்துவிட்டான்.



ஜூன் 16, செவ்வாய்

மூன்று மாதம் நேற்றோடு முடிந்தது. வக்கீல் யோசனை சொல்கிறார்: சொந்தக்காரப் பையன் எவனையாவது ஒரு மாதம் படுக்க வைக்கலாம், கேட்டால் மகன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகா. பிள்ளையையும் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்.

ஜூன் 18, வியாழன்

ஐந்து நாற்பது வண்டியில் ஏறி நாலாவது ஸ்டேஷனில் இறங்கினேன். அந்த வண்டியில் வரும் பழைய கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள அவள் அங்கே நின்றிருந்தாள். வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். அவர்களும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோர் முன்னாலும்தான் அன்றைக்குக் கவரை நீட்டினேன், இதையும் அப்படியே சொல்வதுதான் முறை.

"மகன் வரலைம்மா. வர்றதாவே இல்லை. நான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அன்னைக்கு நான் அழுததை நீங்க பாத்துட்டீங்க."

அவளுக்குப் புரியவே சிறிது நேரமானது. "தண்ணி குடுத்ததுக்கா?" என்றாள். பிறகு குரல் உயர்ந்துவிட்டது. "வீடு போனா போகட்டும். நானும் எம்பொண்ணும் உங்களுக்காக எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? அந்தச் சுவரைத் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளையடிச்சோமே, யாருக்காக?"

நான் எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். எந்தக் கோர்ட், எந்தப் பிரிவு, மூன்று மாதம் முடிந்த தேதி, பழைய வாடகைக்கே வீடு, நான் எதிர்க்க மாட்டேன் என்று என் கையெழுத்து. படிக்காமல் வாங்கிப் பையில் திணித்தாள்.

"நகருங்க சார், வண்டி எடுத்துடுவான்."

சார். அண்ணா போய்விட்டது. போகத்தான் வேண்டும்.

ஜூலை 14, செவ்வாய்

தபால்காரர் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுத இடம் கொடுக்கக் கூடாதென்று மூன்று வாரமாகப் பதினோரு மணிக்கு எங்கும் போவதில்லை. இன்று வந்தது. கோர்ட் முத்திரை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தபால்காரர் கவரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோர்ட் நோட்டீஸை இப்படி ஓடிவந்து வாங்குகிறவனை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மனுதாரர் அவள், எதிர்மனுதாரர் நான். நாலாவது பத்தியில் இப்படி இருக்கிறது: "எதிர்மனுதாரரின் மகன் இன்றுவரை மேற்படி வீட்டிற்கு வரவில்லை, வருவதாகவும் இல்லை." நாலைந்து முறை படித்தேன். கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பதிலை எழுத நானே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். நாலாவது பத்தி உண்மை என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகு துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

மோட்டாருக்கு ஆள் வந்து புது வாஷர் போட்டுவிட்டுப் போனான், தண்ணீர் நன்றாக இழுக்கிறது. அவள் மாட்டிவிட்டுப் போன நீலத் திரைச்சீலையில் தூசி படிந்திருந்தது. கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அவர்கள் வருவதற்குள் மாட்டிவிட வேண்டும்.