பன்னிரண்டாவது விபத்து

வேவர் தெரு, அல்க்மார்
18 செப்டம்பர் 1973

அன்புள்ள யெல்லே அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மீன் பெட்டிகளுக்கு நடுவே உனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதக்கூட நேரமில்லை போலிருக்கிறது. இந்தக் கடிதத்துக்காவது பதில் போடு. சேதி பெரியது.

போன புதன்கிழமை மத்தியானம் எங்கள் தெருவை நாங்களே மூடிவிட்டோம். ஃபென்னா, நான், இன்னும் ஒன்பது பெண்கள். வீட்டுச் சமையலறை மேசைகளைத் தூக்கி வந்து தெருவின் இரண்டு முனைகளிலும் குறுக்கே போட்டோம். ஒரு மேசையில் அப்பம் சுட்டு அடுக்கினோம். பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் பறந்தார்கள். கார்க்காரர்கள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கினார்கள். ஒருவர் இறங்கி வந்து, "தெரு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினார். ஃபென்னா அசரவில்லை. "அதான் எங்க பிள்ளைங்களும் கேக்குறாங்க. இந்தாங்க, சூடா இருக்கு, சாப்பிட்டுட்டுச் சுத்திப் போங்க" என்று ஓர் அப்பத்தை நீட்டினாள். அந்த மனிதர் வாங்கிக்கொண்டார்! பிறகு வந்த போலீஸ்காரர் மூன்று அப்பம் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்.

நகர மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஊருக்குக் குறுக்கு வழி தேடும் வண்டிகள் எங்கள் தெருவில் நுழையக் கூடாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தெரு வேண்டும். நான் தட்டச்சு செய்த துண்டுப் பிரசுரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளில் இந்தத் தெருவில் நடந்த விபத்துகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பதினொன்று. 1969 ஏப்ரலில் நடந்ததை நான் சேர்க்கவில்லை.

குளிர் வரப்போகிறது. கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள்.

அன்புத் தங்கை,
ரின்ஸ்கே


ஹார்லிங்கன்
30 செப்டம்பர் 1973

அன்புள்ள ரின்ஸ்கே,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில் வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி இங்க வந்தா கடலுக்கே மேசை போட்டு மறிச்சிருவா போல" என்றார்கள். சின்ன வயதில் என் சைக்கிளை நீ பிடுங்கிக்கொண்டு ஓடியபோதே தெரியும், நீ யாருக்கும் அடங்க மாட்டாய் என்று. ஆனாலும் சொல்கிறேன், போலீஸோடு வம்பு வேண்டாம். அப்பம் எல்லா நாளும் வேலை செய்யாது.

பட்டியலைப் பார்த்தேன். என்னுடையதை விட்டதற்கு நன்றி. அந்த ரொட்டி வண்டியின் சாவியைத் திருப்பிக் கொடுத்து நான்கு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலும் நான் உட்காரவில்லை. முதலாளி கேட்டுப் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டேன். பெட்டி தூக்குகிறேன், பனிக்கட்டி அள்ளுகிறேன், அது போதும்.

அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்தாயா?

அந்தப் பெண் டினகே இப்போது எப்படி நடக்கிறாள்? நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்,
யெல்லே


வேவர் தெரு, அல்க்மார்
6 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணா,

நான்கு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டிருக்கிறாய். அதனால் முதலில் அதையே எழுதுகிறேன். டினகேவுக்கு இடது கால் இரண்டு விரல்கடை குட்டை. நடக்கும்போது கொஞ்சம் சாய்வாள். ஆனால் அவளுடைய அப்பா சைக்கிளின் இடது மிதியில் ஒரு மரக்கட்டையை வைத்து முடுக்கிக் கொடுத்திருக்கிறார். அதில் ஏறிவிட்டால் இந்தத் தெருவில் அவளைப் பிடிக்க ஆளில்லை. பன்னிரண்டு வயது, வாய் மட்டும் இருபது வயது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அரசாங்கம் தடை போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் காரே ஓடவில்லையே, உங்கள் ஊரில் எப்படி இருந்தது? இங்கே காலையில் சன்னலைத் திறந்தேன். மாதாகோவில் மணிக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தெருக்கோடி வரை மனிதர்கள் பேசிக்கொள்ளும் சத்தம்! எதிர்வீட்டுக் கிழவர் நாற்காலியைத் தெரு நடுவில் போட்டு உட்கார்ந்து பத்திரிகை படித்தார். எங்கள் மனுவில் கையெழுத்துப் போட மறுத்த ஆறு வீடுகள் அன்று சாயங்காலமே தாமாக வந்து கையெழுத்துப் போட்டன.

இனி சங்கடமான சேதி. இருபத்தேழாம் தேதி மத்தியானம் நகர மன்றத்தில் எங்கள் மனு விசாரணைக்கு வருகிறது. கடைக்காரர் சங்கத் தலைவர் பூலன்ஸ், அந்தக் கசாப்புக் கடைக்காரர்தான், எதிர்த்துப் பேசப் போகிறார். நேற்று கடையில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "பதினொண்ணுன்னு பெருசா அச்சடிச்சிருக்கியே, அம்புட்டும் சிராய்ப்பும் வீக்கமும்தானேம்மா? மூக்குல ரத்தம் வந்ததுக்கெல்லாம் தெருவ மூடுனா ஊருல தெருவே மிஞ்சாது" என்றார். கடையே சிரித்தது. எனக்குப் பதில் இருந்தது, வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

ஃபென்னாவும் அங்கேதான் நின்றாள். அவள் டினகேவின் அம்மா, அவளால் ஒரே வார்த்தையில் பூலன்ஸின் வாயை அடைத்திருக்க முடியும். வெளியே வந்ததும், "உங்க அண்ணன் சரின்னு சொல்லாம நான் அதைப் பேச மாட்டேன், ரின்ஸ்கே. நீயே கேட்டுப் பாரு" என்றாள்.

கேட்கிறேன், அண்ணா. உன் பெயர் வராது. தேதியும் குழந்தையின் காலும் மட்டும். சம்மதமா?

ரின்ஸ்கே


ஹார்லிங்கன்
11 நவம்பர் 1973

ரின்ஸ்கே,

சம்மதம் இல்லை.

பெயர் வராது என்கிறாய். அந்தத் தெருவில் யாருக்குப் பெயர் தெரியாது? ரொட்டி வண்டி என்றாலே போதும், எல்லா முகமும் உன் பக்கம் திரும்பும். நீ அங்கே குடியிருக்க வேண்டியவள். நான் ஓடி வந்துவிட்டவன், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தாயா? இங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமல்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், தூங்குகிற நாட்களில்.

பதினொன்றை வைத்து ஜெயிக்க முடிந்தால் ஜெயித்துக்கொள். என்னை விட்டுவிடு.

யெல்லே


வேவர் தெரு, அல்க்மார்
14 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணா,

விட்டுவிட்டேன். ஃபென்னாவிடமும் சொல்லிவிட்டேன். பதினொன்றோடு போகிறோம். நீ நிம்மதியாகத் தூங்கு.

உனக்குப் பின்னிய கழுத்துத்துணி இத்துடன் வருகிறது. கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதே.

ரின்ஸ்கே


வேவர் தெரு, அல்க்மார்
28 நவம்பர் 1973

என் அண்ணா,

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி வந்தாய்? அப்படி வந்தவன் எப்படி ஓடிப்போனாய்? பஸ் நிறுத்தம் வரை மூச்சிரைக்க ஓடி வந்தேன். உன் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

நீ பார்க்காததையும் சேர்த்து நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், கேள். பூலன்ஸ் முடித்துவிட்டு உட்கார்ந்ததும் மன்றத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். "அந்தப் பட்டியல் தப்பு" என்று ஒரு குரல். பூலன்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் ஆள் யாரோ என்று நினைத்துக்கொண்டார். நான் திரும்பவில்லை. குரல் தெரிந்துவிட்டது, திரும்பத் தைரியம் வரவில்லை.

"பதினொண்ணு இல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டாவது நான் செஞ்சது" என்றாய். பேசிக்கொண்டே முன்னால் நடந்து வந்தாய். "என்மேல தப்பு இல்லைன்னு போலீஸ் எழுதிக் குடுத்துச்சு. அந்தக் காகிதம் இதோ. சட்டம் சொன்ன வேகத்துலதான் போனேன். ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போனேன். வரிசையா நின்ன காருக்கு நடுவுல இருந்து எட்டு வயசுப் பிள்ளை வந்துச்சு. எல்லாம் ஒழுங்கா செஞ்சும் ஒரு குழந்தை மேல ஏத்த முடியுற தெருவுங்கய்யா அது. ஒழுங்கா ஓட்டாதவங்களும் அதே தெருவுலதான் வர்றாங்க."

நீ காகிதத்தைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாய். நீ போன பிறகு பூலன்ஸ் எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "எனக்கு மேற்கொண்டு ஒண்ணும் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை முதன்முறையாக எனக்குப் பிடித்தது.

வாக்கெடுப்பில் இரண்டு வாக்கு வித்தியாசம். ஓராண்டுக்குச் சோதனையாகத் தெருவை வண்டிகளுக்கு மூடுகிறார்கள், வசந்தத்தில் ஆரம்பம். ஜெயித்துவிட்டோம், அண்ணா.

ஃபென்னா அழவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே, "அம்புட்டுத் தூரம் வந்திருக்காரு, பாத்தியா? ஒரு காபி வாங்கிக் குடுக்கலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள காணோம். எங்க போயிட்டாருன்னு கேட்டு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

தெருவில் யார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நீ எனக்காகப் பயந்தாய். இன்று காலை பால் வாங்கப் போனேன். தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

உன் ரின்ஸ்கே


ஹார்லிங்கன்
2 டிசம்பர் 1973

அன்புள்ள ரின்ஸ்கே,

ஓடிப்போனதற்குத் திட்டாதே. கால்கள்தான் என்னைக் கொண்டுபோயின. கடலுக்குக் குறுக்கே போட்ட அந்த நீள அணையின் மேல் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் கழுத்துத்துணியை அங்கேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. எடுத்து வைத்திருப்பாய்.

வர வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. உன் "விட்டுவிட்டேன்" கடிதம் வந்தபோது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. நீ என் பேச்சைக் கேட்டு ஒன்றை விட்டுக்கொடுத்தது நம் வாழ்நாளில் இதுதான் முதல்தடவை. எனக்காகத் தோற்கவும் தயாராகிவிட்டாளே என்று தோன்றியது. அன்று காலை பஸ் நிறுத்தத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் துறைமுகத்தில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் வருவதற்கு முன்னால் என் வாயால் தெரியட்டும் என்று. பிறகு எங்கள் மேஸ்திரி, "சரி, பெட்டியத் தூக்கு. மீன் காத்துக்கிட்டு இருக்காது" என்றார். மதியம் தன் சூப்பில் பாதியை எனக்கு ஊற்றினார்.

ஃபென்னாவிடம் சொல், காபிக்கு நன்றி. இன்னும் குடிக்கவில்லைதான். இருந்தாலும் நன்றி.

உன் அண்ணன்,
யெல்லே


ஹார்லிங்கன்
12 மே 1974

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தொடை இரண்டும் இன்னும் என்னுடையவை என்று தோன்றவில்லை. உங்கள் தெருவின் திறப்பு விழாவுக்குச் சைக்கிளில் வருகிறேன் என்று உனக்கு எழுதியபோது வீறாப்பாக இருந்தது. அணையில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தபோது, இவளுக்கு எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று நொந்துகொண்டேன். ஏழு மணி நேரம்!

நீ கூட்டத்தில் மேடைக்கும் நாற்காலிக்கும் அலைந்துகொண்டிருந்ததால் உனக்குச் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். உங்கள் தெரு முனைக்கு வந்தேன். பூந்தொட்டிகள் இரண்டுக்கும் நடுவே மிதித்தபடியே உள்ளே நுழைந்தேன். உடனே ஒரு விசில். கையில் சிவப்புப் பட்டை கட்டிய ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"யோவ் மாமா! இறங்குங்க, இறங்குங்க! குட்டிப் பசங்க நடக்குறாங்க, தெரியல? தள்ளிக்கிட்டு வாங்க."

இறங்கினேன். அவள் சைக்கிளைப் பார்த்தேன். இடது மிதியில் மரக்கட்டை. கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே அது? ரின்ஸ்கே அத்தையோட அண்ணன்."

"ஆமாம்மா."

"அம்மா சொன்னாங்க, வருவீங்கன்னு. ஹார்லிங்கன்ல இருந்து சைக்கிள்லயேவா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏழு மணி நேரம்."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஏழா? நான் அஞ்சுல வந்துருவேன்."

அவ்வளவுதான், ரின்ஸ்கே. மன்னிப்புக் கேட்க ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதையும் அவள் கேட்கவில்லை. என் சைக்கிளின் சங்கிலி தொளதொளவென்று இருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைத் தடுக்க விசிலடித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகுதான் ஃபென்னா காபிக் கோப்பையோடு வந்தாள். நாங்கள் இருவரும் தெரு நடுவில், நட்ட நடுவில், நின்று குடித்தோம். பள்ளி விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஹார்லிங்கன் வரலாமா என்று கேட்டாள்.

நீ மேடையில் பேசும்போது பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருங்க இந்தம்மா, இந்தப் போடு போடுறாங்க?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். அவர் கேட்காமலே இன்னொருமுறையும் சொன்னேன்.

ஆகஸ்டில் அவர்கள் வருகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது காற்று முதுகில்தான் இருக்கும். டினகே சொன்னபடி ஐந்து மணி நேரத்தில் வந்துவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. துறைமுகத்தில் இப்போதே எல்லோரிடமும் பந்தயம் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
யெல்லே